கோடிப் புடவை கவுன்ட்டர்

அந்த அக்கா யாரையும் "வாங்க" என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற ஒருத்தி அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் எப்படிக் காலம் தள்ள முடியும் என்று கேட்பீர்கள். அவள் தள்ளினாள். யாராவது கிளம்பினாலும் "போயிட்டு வாங்க" என்று சொல்ல மாட்டாள். தலையை மட்டும் ஆட்டுவாள். வேலை முடிந்து நாங்கள் பஸ் ஏறும்போது எங்களுக்கும் அதே தலையாட்டல்தான்.

எனக்கோ அந்தக் கடையில் வேலையே "வாங்க" சொல்வதுதான். விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நாலு மாடி ஜவுளிக்கடை திறந்த புதிது. லிஃப்ட் வைத்த கடை. பெண்ணாடத்திலிருந்தும் மங்கலம்பேட்டையிலிருந்தும் அந்த லிஃப்ட்டில் ஏறி இறங்குவதற்கென்றே பஸ் பிடித்து வந்தார்கள். வந்ததற்கு ஒரு துண்டாவது வாங்கிக்கொண்டு போனார்கள். பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த என்னை, சிரித்த முகம் என்று சொல்லி வாசலில் நிறுத்தினார்கள். ஒரு கையில் சந்தனக் கிண்ணம், இன்னொரு கையில் பன்னீர்ச் செம்பு. கதவு திறக்கும்போதெல்லாம் "வாங்கம்மா, வாங்கண்ணா, வாங்க" என்று பன்னீர் தெளிக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் தாடை வலி எடுத்துவிடும். வீட்டுக்குப் போனால் ஒரு முகத்தைப் பார்த்தும் சிரிக்கப் பிடிக்காது. "இருக்கறத எல்லாம் கடையிலயே செலவு பண்ணிட்டு வந்துட்டியா?" என்பான் என் தம்பி.

வாசலிலிருந்து பார்த்தால் தரைத்தளத்தின் கடைசி மூலையில், மாடிப்படிக்குக் கீழே அக்காவின் கவுன்ட்டர் தெரியும். மேலே பலகையில் 'நூல் புடவை, வேட்டி, துண்டு' என்று எழுதியிருக்கும். எழுதாத விஷயம் ஒன்று உண்டு. அங்கேதான் கோடி விற்பார்கள். சாவு வீட்டுக்கு எடுத்துப் போகிற புதுத்துணிதான் கோடி. எங்கள் பக்கத்தில் ஒருவன் செத்தால், அவன் பெண்டாட்டிக்குப் பிறந்த வீட்டிலிருந்து புடவை வந்தாக வேண்டும். அண்ணன் தம்பிகளோ அவர்களுடைய பிள்ளைகளோ கொண்டுவந்து போட வேண்டும். அவளே செத்தாலும் பிறந்த வீட்டுக் கோடி வந்த பிறகுதான் தூக்குவார்கள். வராவிட்டால் ஊர் வாய் சும்மா இருக்காது. ஆகவே பட்டு விற்காத நாளிலும் கோடி விற்கும். முதலாளி வியாபாரம் தெரிந்தவர். அதற்கென்று ஒரு மூலையை ஒதுக்கினார், பலகையில் மட்டும் போடவில்லை.

கோடி எடுக்க வருகிறவர்களை "வாங்க" என்று சொல்லக் கூடாது. போகும்போது "போயிட்டு வாங்க" என்றும் சொல்லக் கூடாது. இன்னொரு சாவுக்கு வரச் சொன்ன மாதிரி ஆகிவிடும். பேரம் பேசுவது கிடையாது. பிரித்துப் பார்த்து அது வேண்டாம் இது வேண்டாம் என்பது கிடையாது. எடுத்ததைத் திருப்பிக் கொண்டுவருவதும் கிடையாது. இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? வருகிறவர்கள் நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டா வருகிறார்கள்?

வேலைக்குச் சேர்ந்த வாரமே மாட்டிக்கொண்டேன். நாலைந்து ஆண்கள், கூட ஒரு கிழவி. நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "வாங்கண்ணா, வாங்க" என்று பன்னீரைத் தெளித்துவிட்டேன். போதாத குறைக்குச் சந்தனக் கிண்ணத்தை வேறு நீட்டினேன். முன்னால் வந்தவருக்குக் கண் சிவந்திருந்தது.

"இன்னும் யாரு சாவணும்னு வாங்க வாங்கன்ற?" என்று கேட்டார்.

சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. நான் செம்பும் கையுமாக நின்றேன். மூலையிலிருந்து அந்த அக்கா வந்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல், "எந்த ஊரு?" என்றாள். அவர் சொன்னார்.

"ஆம்பளையா, பொம்பளையா?"

"ஆம்பள. தங்கச்சி வூட்டுக்காரரு."

அவ்வளவுதான் பேச்சு. அவள் திரும்பி நடந்தாள், அவர்கள் பின்னால் போனார்கள். எனக்குப் படபடப்பு அடங்குவதற்குள் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டாள். அந்த இரண்டு கேள்விக்கு மேல் அவள் யாரிடமும் எதுவும் கேட்க மாட்டாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மத்தியானச் சாப்பாடு மொட்டை மாடியில் தகரக் கொட்டகையில். பெண்கள் எல்லோரும் குழம்பும் பொரியலும் மாற்றிக்கொண்டு ஒரே கூச்சலாக இருக்கும். அக்காவைச் சுற்றி மட்டும் இடம் காலியாக இருக்கும். நான் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஆள் வந்ததில் அவளுக்குக் கொஞ்சம் திகைப்புதான்.

"எப்பிடிக்கா கண்டுபுடிக்கறது?"

"கதவுக்கு உள்ளாற ஒரு கண்ணாடி மாட்டியிருக்குதுல்ல, ஆளு ஒசரத்துக்கு? துணிக்கடைக்கி வர்றவங்க அதப் பாக்காம உள்ள வர மாட்டாங்க. கெழவன்கூட மீசயத் தடவிக்கினுதான் வருவான். பாக்காம வந்தாங்கன்னா நீ கம்முனு இரு."

அன்றிலிருந்து நான் முகங்களை விட்டுவிட்டுக் கண்ணாடியைக் கவனித்தேன். அவள் சொன்னபடிதான் இருந்தது. கோடிக்கு வருகிறவர்கள் விளக்கைப் பார்ப்பதில்லை, பொம்மைக்குக் கட்டியிருக்கும் புடவையைப் பார்ப்பதில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நேரே மூலைக்குப் போவார்கள். பெரும்பாலும் பொட்டில்லாத ஒரு கிழவி முன்னால் நடப்பாள். தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் துணி எடுக்கத் தாலி அறுத்தவளை யாரும் கூட்டி வருவதில்லை. கோடி எடுக்க மட்டும் அவளைத் தேடிக் கூப்பிடுவார்கள். நாங்கள் வகுத்து வைத்திருக்கிற நியாயம் இப்படி.

கடையின் பையில் மணப்பெண் படம் போட்டு, கீழே 'நன்றி, மீண்டும் வருக' என்று அச்சடித்திருக்கும். அக்கா அந்தப் பையைத் தொட மாட்டாள். பழைய பேப்பரில் சுற்றி நூல் கட்டிக் கொடுப்பாள். கடைப் பெயர் போட்ட பையில்தான் கொடுக்க வேண்டும் என்று சூப்பர்வைசர் சத்தம் போட்டபோது, "சரி சார், இத நீங்களே குடுங்க" என்று பையை அவர் கையில் திணித்துவிட்டாள். எதிரில் நின்ற ஆளைப் பார்த்துவிட்டு அவர் பையை மடித்து இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

காலையில் கடை திறந்ததும் முதல் வியாபாரம் கோடியாக அமைந்துவிடக் கூடாது என்பது கேஷியரின் பயம். சாவுக்கு நேரம் காலம் உண்டா? சில நாள் ஷட்டரை ஏற்றும்போதே ஆட்கள் நிற்பார்கள். அப்போது ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். கைக்குட்டை ஒன்றுக்கு முதலில் பில் போட்டு அதைப் போணி ஆக்கிவிட்டு, பிறகு கோடிக்குப் பில் போடுவார்கள். கைக்குட்டை வாங்குகிற ஆள் வேண்டுமே? அக்காதான் வாங்குவாள். அவள் கவுன்ட்டரால் வந்த தொல்லையை அவள்தானே தீர்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் நினைப்பு. அவளும் அப்படித்தான் நினைத்தாள். அவள் அலமாரியில் பிரிக்காத கைக்குட்டைகள் அடுக்கடுக்காகக் கிடக்கும்.

"இவ்ளோ கர்ச்சீப் வச்சிக்கினு என்னாக்கா பண்ணப் போற?"

"சளி புடிச்சா மூக்கத் தொடச்சிக்குவேன்."

இப்படித்தான் பேசுவாள். கடையில் பெண்கள் அவளைக் 'கோடியக்கா' என்பார்கள், முகத்துக்கு எதிரே இல்லை. புது ஸ்டாக் வந்து இறங்கினால் அவள் கை முதலில் படாமல் பார்த்துக்கொள்வார்கள். கடைப் பெண்களில் யாருக்காவது கல்யாணம் நிச்சயமானால் ஒவ்வொரு கவுன்ட்டராகப் போய்க் குங்குமம் கொடுத்துப் பத்திரிகை வைப்பார்கள். அக்காவிடம் வந்ததும் மேஜைமேல் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். "வந்துடுக்கா" என்று ஒருத்தியும் சொல்ல மாட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஒரு தடவ போயி மொத வரிசைல உக்காந்து பாரேன்க்கா, என்னாதான் ஆவுதுன்னு."

"வாணாம்டி. நாளைக்கி புருஷன் பொண்டாட்டி அடிச்சிக்கினா நான் வந்து குந்தனதாலன்னுவாங்க. நல்லா இருக்கட்டும்."

சொல்லிவிட்டு மொய்ப்பணத்தை என்னிடம் கொடுத்தனுப்புவாள். கவர்மேல் பெயர் எழுத வேண்டாம் என்பாள். நான் வீம்புக்கு எழுதிக் கொடுப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் அவள் வீட்டுக்குப் போனேன். கூப்பிட்டாளா என்று கேட்காதீர்கள், அவள் எப்போது யாரைக் கூப்பிட்டாள்? பீங்கான் கம்பெனிகளுக்குப் பின்னால், மண் வந்து இறங்குகிற தெருவில் ஒரே ஒரு அறை. தெருவே மாவு தூவினாற்போல வெள்ளையாக இருந்தது. வாசலில் என்னைக் கண்டதும் அவள் ஒதுங்கி வழிவிட்டாள். அதுதான் வரவேற்பு. காது உடைந்த ஒரு கோப்பையில் எனக்கு டீ கொடுத்தாள். அவள் வைத்திருந்தது எல்லாமே கம்பெனியில் கழித்துக் கட்டிய சாமான்கள். அவள் வீட்டுக்காரர் அங்கே அச்சில் மண் ஊற்றுகிற வேலையில் இருந்தபோது கொண்டுவந்தவை. அவர் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். இவள் வீட்டில் விவசாயம், குலதெய்வம், சாதி எல்லாம் உண்டு. வீட்டை எதிர்த்துக்கொண்டு இவள் அவரைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நாலைந்து வருஷம் நன்றாகத்தான் இருந்தாராம். பிறகு திருப்பூருக்கு வேலைக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். அங்கே வேறொருத்தி.

"ஒங்க வூட்டுக்குப் போயிருக்கலாமில்லக்கா?"

"போனேன். எங்கண்ணன் கதவத் தொறக்கல. அம்மா உள்ளேர்ந்து அழுதுது. இன்னொரு தடவ வந்தன்னா அதையும் ஓங்கூட வெளிய தள்ளிடுவேன்னான். அது அவன் சோத்துலதான இருக்குது? நான் போயி நின்னா அதத்தான் வைவான்."

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். அந்த அறையில் ஒரு ஆள் படுக்கிற பாய், ஒரு ஆள் சாப்பிடுகிற தட்டு, எல்லாம் ஒன்றுதான் இருந்தது. என் டீக்காக அவள் பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்டு வாங்கியிருந்தாள்.

அவளைப் பட்டுச் செக்‌ஷனுக்கு மாற்றுவதாக மேனேஜர் இரண்டொரு தடவை சொன்னார். உயரமான உடம்பு. ஒரு புடவையைத் தோளில் போட்டுக் காட்டினால் எவளுக்கும் வாங்கத் தோன்றும். அவள் மாட்டேன் என்றாள். கடைசியில் முதலாளியே அறைக்குக் கூப்பிட்டு, சம்பளமும் கூட்டித் தருவதாகச் சொன்னார். "நான் கீழயே இருக்கறேங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டிருந்த பெண்கள் இருக்க, இவள் திமிர் பிடித்து உதறியதாகத்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்கும் கோபம்தான். கொட்டகையில் வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

"ஒனக்குப் பைத்தியமாக்கா? மேல ஏசி இருக்குது. கல்யாண ஜனம் வந்து சிரிச்சிப் பேசும். கீழ என்னா இருக்குது, அழுத மூஞ்சிதான?"

அவள் மோரை ஊற்றிச் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"எங்கம்மா செத்தா எனக்கு யாரு சொல்லுவா?"

நான் வாயில் போட்ட சோற்றை மெல்லாமல் அவளைப் பார்த்தேன்.

"யாரும் சொல்ல மாட்டாங்க. எங்கண்ணன் சொல்ல வுட மாட்டான். ஆனா கோடி எடுத்தாவணும்ல? எங்கம்மா பொறந்த வூட்டு ஆளுங்க எடுத்தாவணும். பெண்ணாடத்துக்கு அந்தாண்ட இருக்கற ஜனம் எல்லாம் இப்ப இந்தக் கடைக்கித்தான் வருது. நான் மேல நின்னு பட்டு காட்டிக்கினு இருக்கறப்ப, கீழ வந்து எங்கம்மாவுக்கு எடுத்துக்கினு போயிட்டா? எனக்குத் தெரியாமயே போயிடும்டி. இங்க நின்னா மொகத்தயாவது போயி பாத்துடுவேன். பொணத்துக்கிட்டேர்ந்து தொரத்த மாட்டாங்கல்ல?"

அவள் எல்லோரிடமும் "எந்த ஊரு?" என்று கேட்டது ஏன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு நாளும் அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் அவள் என்ன பாடு பட்டிருப்பாள்?

அவள் ஊர்ச் சாவுக்கே ஒருமுறை வந்தார்கள். நான் வாசலில்தான் நின்றேன். அவர்கள் கண்ணாடியைப் பார்க்காமல் போனதைக் கண்டு வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், அக்கா புடவைக் கட்டின்மேல் கையை வைத்தபடி அசையாமல் நிற்கிறாள். என்னமோ ஏதோ என்று பக்கத்தில் போனேன்.

"பொம்பளதான். வயசானவங்க" என்று வந்தவரில் ஒருவர் இரண்டாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எப்போதும் கேட்காத மூன்றாவது கேள்வியை அவள் கேட்டாள். "யாரு வூட்டுல?"

"தபால்காரு வூட்டுக் கெழவி. ஏம்மா, தெரியுமா?"

புடவையை எடுத்துச் சுற்றிக் கட்டிக் கொடுத்தாள். கூட வந்திருந்த ஒரு பெண் மட்டும் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அவர்கள் தெருவில் இறங்கியதும் அக்கா மாடிப்படிக்குக் கீழே இருந்த குடோனுக்குள் போய்த் துணி மூட்டைமேல் உட்கார்ந்தாள். வேலை நேரத்தில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"எங்கம்மா இல்லடி" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "பாவம், தபால்காரு வூட்டு ஆயா. எனக்குக் கொய்யாப்பழம் குடுக்கும்" என்றாள்.

அடுத்த வருஷம் தீபாவளிக் கூட்டம் ஓய்ந்து கடை காற்று வாங்கிக்கொண்டிருந்தது. காலை பத்து, பத்தரை இருக்கும். வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு கிழவியும் ஒரு சின்ன வயதுப் பெண்ணும் இறங்கினார்கள். வேனில் முன்னால் உட்கார்ந்திருந்த ஆள், "சட்டுனு வாங்க, பொணம் எடுக்கற நேரத்துக்குப் போவணும்" என்றது எனக்குக் கேட்கவில்லை. பிறகு அவர் அதையே திரும்பத் திரும்பக் கத்தியபோதுதான் கேட்டது. கிழவி கதவைத் தாண்டி உள்ளே வந்தாள். கண்ணாடிக்கு எதிரே நின்றாள். முந்தானையை இழுத்துச் சரிசெய்தாள். காதோரத்து நரை முடியை உள்ளங்கையால் படிய வைத்தாள். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் போகிறவள்கூட அவ்வளவு பார்க்க மாட்டாள். எனக்கென்ன தெரியும்?

"வாங்கம்மா, வாங்க" என்று பன்னீரைத் தெளித்தேன்.

சின்னப் பெண் என்னை முறைத்தாள். "கோடிக்கு வந்துருக்கறோம். வாங்கன்ற?"

எனக்கு உயிர் போய்விட்டது. கிழவி என்னைப் பார்த்து, "வரேன்மா" என்றாள். அப்படி ஒரு பதிலை அந்த வேலையில் நான் கேட்டதே இல்லை. பன்னீர் பட்ட கன்னத்தைத் துடைக்காமலே நேரே மூலைக்கு நடந்தாள்.

நான் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா வழக்கம்போல் தலையைக் குனிந்தபடி, "எந்த ஊரு?" என்றாள். கிழவி ஊரைச் சொன்னாள். அக்கா நிமிர்ந்தாள். சின்னப் பெண்தான் பேசினாள்.

"எங்க மாமியாரோட பெரிய நாத்தனா வூட்டுக்காரரு தவறிட்டாரு. பொறந்த வூட்டுக் கோடி. ஒன்னு குடுங்க, போதும்."

அக்கா ஒரு புடவையை எடுத்து வைத்தாள். கிழவி அதைத் தடவிப் பார்த்தாள்.

"வேற காட்டு" என்றாள்.

நான் செம்பைக் கீழே வைத்துவிட்டேன். கோடி எடுக்க வந்து வேறு காட்டச் சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை. அக்கா இன்னொன்றை எடுத்தாள். அதுவும் வேண்டாம். அதற்கு அடுத்ததன் கரை பிடிக்கவில்லை. அதற்கடுத்தது நூல் முரடாக இருக்கிறதாம். மேல் தட்டில் இருப்பதை எடுக்கச் சொன்னாள். அக்கா ஏணியில் ஏறி எடுக்க, கிழவி தலையை அண்ணாந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா இறங்கி வந்து பிரித்துப் போட்டாள், தோளில் போட்டும் காட்டினாள். பட்டுச் செக்‌ஷனில் காட்டுகிற மாதிரி ஒரு நூல் புடவையை அவள் காட்டியது எனக்குத் தாங்க முடியவில்லை. மேஜைமேல் புடவைகள் குவிந்தன. நான் மடித்துக் கொடுக்கிற சாக்கில் பக்கத்தில் போனேன்.

மருமகளுக்குப் பொறுமை போய்விட்டது. "அத்த, ஒங்களுக்கு என்னா ஆச்சி? இது என்னா பொண்ணுக்கா எடுக்கறோம்? அவரு வேன்ல கத்திக்கினு இருக்கறாரு."

"சரி, இதப் போடச் சொல்லு. நீ போயி பில்லுல நில்லு, கூட்டமா இருக்குது பாரு" என்றாள் கிழவி. பில் கவுன்ட்டரில் மொத்தம் இரண்டு பேர் நின்றார்கள். அந்தப் பெண் முணுமுணுத்துக்கொண்டே போனாள். அவளுக்கு இது நாத்தனார் என்று தெரியாது. வேனில் இருந்த அண்ணன், இவள் வீட்டை விட்டு வந்த பிறகு கட்டிக்கொண்டு வந்தவள் அவள்.

கிழவி மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "எளச்சிட்ட" என்றாள்.

"நின்னுக்கினே இருக்கறதால அப்பிடித் தெரியுது."

"சாப்படறியா?"

"ம்."

"தேடிக்கினு போவ மாட்டேன், ஆளு அனுப்ப மாட்டேன்னு பேரப்புள்ள தலைல கை வச்சி சத்தியம் வாங்கிட்டான்டி ஒங்கண்ணன். ஒத்தப் புள்ள. அதுக்கு ஒன்னு ஆச்சின்னா?" "நான் ஒன்னப் பாக்க வரல. கோடி எடுக்க வந்தேன். தெரியுதா?"

"தெரியுதும்மா. நானும் புடவதான் காட்டனேன்."

"நீ இங்க இருக்கறன்னு போன வருஷமே சொன்னா, தபால்காரு வூட்டு மருமவ. நல்ல துணி எடுக்கப் போறப்ப, தாலி அறுத்த என்ன எங்க கூட்டிக்கினு வராங்க? எவனாவது செத்தாத்தான நான் கட ஏற முடியும்? நானும் பாக்கறேன், பாக்கறேன், நம்ம சொந்தத்துல ஒரு சாவு வுழல."

நான் மடித்த புடவையையே மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருந்தேன். கண்ணில் எதுவும் தெரியவில்லை. கையை நீட்டித் தொட்டுக்கொள்ளக்கூட அவர்களுக்குத் தோன்றவில்லை. நடுவில் மேஜை இருந்தது, அவ்வளவு புடவையும் இருந்தது.

மருமகள் பில்லோடு வந்தாள். அக்கா புடவையைப் பேப்பரில் சுற்றினாள். நூல் இரண்டு தடவை அறுந்தது. கிழவி பொட்டலத்தை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டாள். இரண்டடி நடந்தவள் நின்று, மருமகளிடம் சொல்கிற மாதிரி உரக்கச் சொன்னாள்.

"சின்ன நாத்தனா வூட்டுக்காரருக்கும் ரொம்ப முடியல. ஆஸ்பத்திரில வாணாம்னு அனுப்பிட்டாங்க. பொங்கல் தாண்டாது."

"இப்ப எதுக்கு அத்த அந்தப் பேச்சு?"

"சும்மா, சொன்னேன்."

அவர்கள் போய்விட்டார்கள். வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது. அக்கா மேஜைமேல் கிடந்த புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் அடுக்கினாள். நானும் எடுத்துக் கொடுத்தேன். அடுக்கிக்கொண்டே அவளாகப் பேசினாள்.

"சின்னத்த வூட்டு மாமா ரொம்ப நல்ல மனுஷன்டி. எனக்குக் கண்ணாலம் ஆயி நான் வந்துட்டப்பகூட அவரு ஒருத்தருதான் எங்கண்ணன்கிட்ட எனக்காகப் பேசனாரு. அடி வாங்கனாரு."

கடைசிப் புடவையை அடுக்கிவிட்டு அவள் என் பக்கம் திரும்பினாள். அழுதிருந்த முகம்தான், ஆனால் அப்படி ஒரு ஆவலோடு அவள் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

"பொங்கலுக்குள்ளன்னுதான சொல்லிச்சி?"

"ஆமாக்கா" என்றேன்.